அன்றிரவு அங்கே தூங்கியவர்கள்

1

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ப்ராஜெக்டில் எனக்குக் கொடுத்த வேலை, சுருக்கமாகச் சொன்னால், அமெரிக்க வரைபடத்துக்கு வண்ணம் அடிப்பது. கிளையன்ட் ஒரு காப்பீட்டு நிறுவனம். ஒரு மாநிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெள்ளம், காட்டுத்தீ, சூறைக்காற்று என்று இடர் மதிப்பெண் போட வேண்டும். குறைவு என்றால் பச்சை, அதிகம் என்றால் சிவப்பு. ஓஎம்ஆரில் ஒரு ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, நான் பார்த்தேயிராத ஊர்களையெல்லாம் பச்சையாக்கிக்கொண்டிருந்தேன்.

மக்கள்தொகைப் பத்தியில் சுழியம் இருக்கும் கட்டம் வந்தால் வகுத்தல் பிழை ஏற்பட்டு ஸ்க்ரிப்ட் பாதியில் நின்றுவிடும். அதற்காக ஒரு வரி எழுதினேன்: ஆள் இல்லை என்றால் மதிப்பெண் சுழியம். கோட் ரிவ்யூவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆளே இல்லாத இடத்தில் யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது?

2025 ஜூலையில் டெக்ஸாஸ் மாநிலத்தின் கெர் கவுண்டியில் வந்த வெள்ளத்தைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தபோது அந்த ஒரு வரி ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் ப்ராஜெக்டில் இருந்தது வேறு மாநிலம்தான். ஆனால் அந்த வரிக்குள் இருந்த நம்பிக்கை என்னுடையது மட்டும் இல்லை என்று, அமெரிக்க அரசின் இடர் ஆவணங்களைப் படிக்கப் படிக்கப் புரிந்தது. அவற்றை ஒரு நாவலையோ சிறுகதையையோ வாசிப்பதுபோல வாசித்துப் பார்க்கும் முயற்சி இது. யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார். விமர்சனத்துக்கு நமக்குத் தெரிந்த பழைய கேள்விகள்தானே இவை.

2

முதலில் இடம். கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி, ஆனால் பெரும்பாலும் ஆள்தொகையில் மிகச் சிறியது. கெர் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 52,600 பேர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கெர்வில் என்ற ஒரே நகரத்தில் வசிக்கிறார்கள். மீதிப் பேர் குன்றுகளுக்கும் பண்ணைகளுக்கும் நடுவே சிதறிக் கிடக்கிறார்கள்.

டெக்ஸாஸ்காரர்கள் இந்தப் பகுதியை ஹில் கன்ட்ரி என்கிறார்கள். வானிலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் வேறு: ‘ஃப்ளாஷ் ஃப்ளட் ஆலி’, திடீர் வெள்ளச் சந்து. காரணம் எளிமையானது. கீழே சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் மெல்லிய மண். மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மேட்டில் ஏறும்போது கொட்டித் தீர்த்துவிடும். விழும் மழையை மண் குடிக்காது. சரிவு அதை நேராக ஆற்றுக்கு அனுப்பிவிடும். குவாதலூப்பே ஆற்றின் வடகிளையும் தென்கிளையும் ஹன்ட் என்ற சிற்றூரில் சேருகின்றன. அந்தக் கிளைகளின் கரைகளில்தான் கோடைக்கால முகாம்கள் இருக்கின்றன, சில நூறு வருடத்தை நெருங்குபவை. பெண் பிள்ளைகளுக்கான மிஸ்டிக் முகாம் 1926-இல் தொடங்கியது. டெக்ஸாஸின் பெருநகரங்களிலிருந்து பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே வருகிறார்கள். பாட்டி போன முகாமுக்குப் பேத்தியும் போவாள்.

ஜூலை 4 அதிகாலை 1.14-க்கு தேசிய வானிலைச் சேவை கெர் கவுண்டிக்குத் திடீர் வெள்ள எச்சரிக்கை விடுத்தது. 4.03-க்கு அது உச்சநிலை அவசர அறிவிப்பானது. ஆறு 45 நிமிடங்களில் சுமார் 26 அடி உயர்ந்தது. எட்டு மாடிகள் வேண்டாம், இரண்டரை மாடி உயரத்துக்கு ஒரு ஆறு முக்கால் மணி நேரத்தில் எழுந்து நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள், அதுவும் இருட்டில். டெக்ஸாஸில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். கெர் கவுண்டியில் மட்டும் நூற்றுக்கும் மேல். மிஸ்டிக் முகாமில் மட்டும் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களுமாக 27 பேர்.

3

இப்போது பிரதிகளுக்கு வருவோம். முதல் பிரதி, தேசிய இடர்க் குறியீடு. அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா தயாரித்தது. நாட்டின் மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகளுக்கும், அவற்றுக்குள் இருக்கும் சிறு கணக்கெடுப்புப் பகுதிகளுக்கும், பனிச்சரிவு முதல் எரிமலை வரை 18 வகை அபாயங்களுக்கு மதிப்பெண் போடுகிறது.

ஒரு இன்ஜினியராகச் சொல்கிறேன், நல்ல வேலை. கணக்கு முறையை முழுசாக வெளியிட்டிருக்கிறார்கள். தரவு போதாத இடத்தில் ‘தரவு போதவில்லை’ என்றும், அந்த அபாயத்துக்கே இடமில்லாத இடத்தில் ‘பொருந்தாது’ என்றும் தனித்தனியாகக் குறிக்கிறார்கள். என் ஸ்க்ரிப்டை விட எவ்வளவோ நேர்மையானது. ஒரு கவுண்டியில் போதுமான சம்பவங்கள் பதிவாகவில்லை என்றால், சுற்றுவட்டாரத்தின் அனுபவத்தைக் கடன் வாங்கிச் சரிசெய்யும் புள்ளியியல் ஏற்பாடும் உண்டு. இது திட்டமிடலுக்கான ஒரு தொடக்கப்புள்ளிதான், உள்ளூர் ஆய்வுக்கு மாற்று இல்லை என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

அதன் மையத்தில் ஒரு பெருக்கல் இருக்கிறது. ஓரிடத்தில் இழக்கக்கூடியது எவ்வளவு இருக்கிறது, அபாயம் வருடத்துக்கு எத்தனை முறை வரும், வந்தால் எத்தனை பங்கு போகும். மூன்றையும் பெருக்கினால் ‘எதிர்பார்க்கப்படும் ஆண்டு இழப்பு’. பிறகு அந்த மக்களின் சமூக நலிவு அதைக் கூட்டும், மீண்டெழும் திறன் குறைக்கும். கடைசியில் எல்லாக் கவுண்டிகளையும் வரிசையில் நிறுத்தி, உன் இடம் இது என்று சொல்லும்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கிராமக் கவுண்டி. ஆயிரம் கோடி டாலர் பெறுமான கட்டடங்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம், ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் ஒரு பங்கு சேதம். ஆண்டு இழப்பு பத்து லட்சம் டாலர். பக்கத்தில் ஒரு நகரக் கவுண்டி. அதே ஆறு, அதே மழை, அதே பங்கு சேதம், ஆனால் கட்டடங்கள் பத்து மடங்கு. ஆண்டு இழப்பு ஒரு கோடி. வரைபடத்தில் நகரம் சிவக்கும், கிராமம் வெளிறும். தண்ணீர் ஒன்றுதான். குறியீடு தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை, தண்ணீரில் போகக்கூடிய பணத்தைப் பற்றிப் பேசுகிறது.

‘உயிருக்கும் கணக்கு இருக்கிறதே’ என்று கேட்கலாம். இருக்கிறது. 2023 பதிப்பில் ஒரு உயிருக்கு 1 கோடியே 16 லட்சம் டாலர். இதைப் படித்ததும் இலக்கிய வாசகருக்குக் கோபம் வரும். எனக்கு வரவில்லை. உயிருக்கு விலை போடாத கணக்கில் உயிரின் மதிப்பு சுழியமாகிவிடும், அது இன்னும் மோசம். என் சிக்கல் அடுத்த படியில். ஒரு பள்ளத்தாக்கில் நூறு வருடத்துக்கு ஒருமுறை, ஒரே இரவில், நூறு பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி என்ன? வருடத்துக்கு ஒருவர். வருடத்துக்கு ஒருவர் என்பது வழுக்கி விழுந்து போகிறவர்களின் எண்ணிக்கை மாதிரி கேட்கிறது. அந்த இரவை எடுத்து நூறு வருடங்கள் மேலும் மெல்லிய தூறலாகத் தூவிவிட்டார்கள். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. கதை மட்டும் காணாமல் போய்விட்டது.

4

காணாமல் போன இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, காலம். ஆற்று வெள்ளத்துக்கு இந்தக் குறியீடு எடுத்துக்கொண்ட சம்பவப் பதிவுகள் 1996-இல் தொடங்குகின்றன. கெர் கவுண்டிக்காரர் ஒருவரிடம் வெள்ளம் என்று சொன்னால் அவர் 1932 என்பார், 1978 என்பார், 1987 என்பார். மூன்றுமே பதிவேட்டின் வாசலுக்கு வெளியே நிற்கின்றன. சுத்தமான தரவு வேண்டும் என்று நாம் வைக்கும் தொடக்கத் தேதி, ஊரின் ஞாபகத்தை வெட்டிவிடுகிறது. மென்பொருளில் இதை நாங்கள் தினமும் செய்கிறோம். ‘பழைய டேட்டா நம்பகமில்லை, தூக்கிடுங்க’ என்று ஒரு மீட்டிங்கில் முடிந்துவிடும்.

இன்னொன்று, ஆட்கள். குறியீட்டின் மக்கள்தொகை என்பது கணக்கெடுப்பின் மக்கள்தொகை, அதாவது அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள். ஹூஸ்டனிலிருந்தோ டல்லாஸிலிருந்தோ முகாமுக்கு வந்த எட்டு வயதுச் சிறுமி கணக்கெடுப்பில் எங்கே இருக்கிறாள்? தன் வீட்டில், தன் நகரத்தில், தன் கட்டிலில். ஆற்றங்கரையில் கேரவன் நிறுத்தி விடுமுறையைக் கழிக்க வந்த குடும்பமும் அப்படித்தான். ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர தினம், அந்த வருடம் வெள்ளிக்கிழமை, நீண்ட வார இறுதி. வருடத்திலேயே ஆற்றங்கரை நிரம்பி வழியும் இரவுகளில் ஒன்று. பதிவேட்டில் மட்டும் அந்தக் கரையில் அன்றும் வழக்கமான ஆட்கள்தான்.

இது எதிர்பாராத விதிவிலக்கு என்று சொல்ல முடியாது. 1987 ஜூலை 17 அன்று இதே ஆற்றில், கீழ்நோக்கி கம்ஃபர்ட் என்ற ஊருக்கு அருகே, ஒரு முகாமிலிருந்து பிள்ளைகளை வெளியேற்றிக்கொண்டிருந்த பேருந்தும் வேனும் வெள்ளத்தில் சிக்கின. பத்துப் பதின்வயதினர் இறந்தார்கள். அவர்களும் டல்லாஸ் பக்கத்திலிருந்து வந்திருந்தவர்கள். அதுவும் ஜூலை, அதுவும் முகாம், அதுவும் வெளியூர்ப் பிள்ளைகள். கம்ஃபர்ட் இருப்பது கெண்டல் கவுண்டியில், எனவே கெர் கவுண்டியின் கணக்கில் அது பக்கத்து வீட்டுச் செய்தி. ஆறு இரண்டுக்கும் ஒன்றுதான். எக்ஸெல் ஷீட்டில்தான் இரண்டு வரிசை.

இந்தப் பள்ளத்தாக்கின் இடருக்கு ஒரு கதாநாயகர் உண்டு என்றால் அவர் விருந்தாளிதான். ஆற்றின் அழகுக்காக வருபவர், அதன் குணம் தெரியாதவர், இருட்டில் எந்தப் பக்கம் மேடு என்று அறியாதவர். முக்கியப் பாத்திரமே இல்லாமல் எழுதப்பட்ட நாவல் மாதிரி இருக்கிறது இந்தக் குறியீடு.

5

இரண்டாவது பிரதி, வெள்ள வரைபடம். இதையும் ஃபீமாதான் வெளியிடுகிறது. ஆற்றின் இரு பக்கமும் ஒரு கோடு. கோட்டுக்குள் இருந்தால் எந்த ஒரு வருடத்திலும் வெள்ளம் வர ஒரு சதவீத வாய்ப்பு. மக்கள் இதை ‘நூறு வருட வெள்ளம்’ என்கிறார்கள், அப்படிச் சொன்னதும் நம் காலத்தில் வராது என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு ஒரு சதவீதம் என்றால் முப்பது வருட வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு. 1926 முதல் 2025 வரை ஒரே இடத்தில் நிற்கும் முகாமுக்கு அது அறுபது சதவீதத்தைத் தாண்டும். காசைச் சுண்டினால் பூ விழும் வாய்ப்பைவிட அதிகம்.

ஆனால் இந்தக் கோடு யாருக்காக எழுதப்பட்டது? 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்துக்காக. கோட்டுக்குள் கட்டடம் இருந்தால், கடன் கொடுக்கும் வங்கி காப்பீடு கேட்கும், கட்டுமானத்துக்கு விதிகள் வரும். எனவே கோடு என்பது ஒரே நேரத்தில் இயற்கையைப் பற்றிய ஒரு வாக்கியம், ஒரு கடமை, ஒரு செலவு. செலவு என்று வந்துவிட்டால் மேல்முறையீடும் வரும். என் நிலம் கோட்டின் மட்டத்துக்கு மேலே இருக்கிறது என்று அளந்து காட்டினால், கட்டடத்தை வரைபடத்திலிருந்து விலக்கித் தருவார்கள். சட்டப்படி எல்லாம் சரி. மிஸ்டிக் முகாமின் நிலத்தில் பல கட்டடங்கள் அபாயப் பகுதிக்குள் குறிக்கப்பட்டிருந்தன. 2013 முதல் 2020 வரை, மேல்முறையீடுகளுக்குப் பிறகு, 30 கட்டடங்கள் அந்தக் குறிப்பிலிருந்து விலக்கப்பட்டதாக வெள்ளத்துக்குப் பின் வெளிவந்த ஆவணங்கள் காட்டின.

இங்கே யாரையும் வில்லனாக்குவது சுலபம். நான் பிரதியையே பார்க்க விரும்புகிறேன். ‘இங்கே தூங்கலாமா’ என்ற கேள்விக்கும் ‘இங்கே காப்பீடு கட்டாயமா’ என்ற கேள்விக்கும் ஒரே கோட்டைப் பதிலாக வைத்ததில்தான் கோளாறு. இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் கிடைத்தவுடன், முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று காதில் விழுகிறது. கோட்டிலிருந்து ஒரு அடி மேலே இருக்கும் கட்டடம் சட்டத்துக்கு வெளியே போகலாம். வரும் தண்ணீர் அந்த ஒரு அடியோடு நிற்க வேண்டுமே.

6

மூன்றாவது பிரதி, கவுண்டியே எழுதும் இடர்த் தணிப்புத் திட்டம். 2000-ஆம் ஆண்டின் சட்டப்படி, இந்தத் திட்டத்தை எழுதி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து ஃபீமாவின் ஒப்புதல் வாங்கினால்தான் தணிப்பு மானியங்களுக்கு விண்ணப்பிக்க முடியும். ஆக இந்தப் பிரதிக்கு ஒரே ஒரு உறுதியான வாசகர் உண்டு: ஒப்புதல் தரும் அதிகாரி. கல்லூரியில் நாம் எழுதிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி. எல்லாத் தலைப்பும் இருக்கும், எல்லா அட்டவணையும் நிரம்பியிருக்கும், மதிப்பெண் போடுகிறவரைத் தவிர யாரும் புரட்ட மாட்டார்கள்.

கெர் கவுண்டிக்கு வெள்ளம் வரும் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. திட்டத்திலும் வெள்ளம் இருந்தது. 2016, 2017-இல் கவுண்டியின் ஆணையர் மன்றத்தில் சைரன்கள் வைப்பது பற்றி விவாதித்தார்கள். செலவைப் பற்றிய தயக்கம் இருந்தது. நடு ராத்திரியில் சைரன் அலறுவதை விரும்பாத குரலும் மன்றப் பதிவில் இருக்கிறது. பிறகு எச்சரிக்கை அமைப்புக்காகச் சுமார் பத்து லட்சம் டாலர் மானியம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அதோடு நின்றது.

பத்து லட்சம் டாலர். மேலே உள்ள கணக்கின்படி ஒரு உயிரின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 52,600 பேர் உள்ள கவுண்டியின் மன்றத்தில் அது பெரிய தொகை, அந்தத் தயக்கத்தை இங்கிருந்து கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. டெக்ஸாஸில் கவுண்டியின் தலைவரை ‘கவுண்டி ஜட்ஜ்’ என்கிறார்கள். பேரிடர் மேலாண்மைக்குப் பொறுப்பாளரும் அவரே. சாலை, வரி, சிறைச்சாலை எல்லாவற்றுக்கும் நடுவே இதுவும் ஒரு வேலை. சைரனின் பலனில் பெரும்பகுதி வெளியூர்ப் பிள்ளைகளுக்கு, செலவு உள்ளூர் வரிப்பணத்துக்கு. இந்த முரண் எந்த அட்டவணையிலும் இல்லை. என் வாசிப்பில், இடர் மதிப்பீடு எழுத வேண்டிய மிக முக்கியமான பத்தி அதுதான்.

7

அந்த இரவில் வேறு கதைகளும் நடந்தன. ஹன்ட் அருகே மோ ராஞ்ச் என்ற இன்னொரு முகாமில், நள்ளிரவு தாண்டி ஆறு ஏறுவதை ஒரு பணியாளர் நேரில் பார்த்தார். கரையோரக் கட்டடத்தில் தூங்கியவர்களை எழுப்பி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒருவரும் இறக்கவில்லை. கம்ஃபர்ட்டில், 1987-ஐ மறக்காத ஊரில், தன்னார்வத் தீயணைப்புத் துறை சில மாதங்களுக்கு முன்புதான் சைரனை விரிவாக்கியிருந்தது. அது ஒலித்தது, ஊரில் உயிரிழப்பு இல்லை. உடனே ‘சைரன் இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள்’ என்று தாவிவிடக் கூடாது. தண்ணீர் கம்ஃபர்ட்டை எட்டும்போது பொழுது விடிந்துவிட்டது, நேரம் கிடைத்தது. மேலே ஹன்ட்டில் கிடைத்த நேரம் வேறு.

இருந்தாலும் இந்த இரண்டு இடங்களிலும் இடர் மதிப்பீடு ஒன்று நடந்திருக்கிறது. அதன் வடிவம் எண் இல்லை, கேள்வி. யார் இப்போது தண்ணீருக்குப் பக்கத்தில் தூங்குகிறார்கள்? அவர்களை யார் எழுப்புவார்? எழுந்தவர்கள் எங்கே ஓடுவார்கள், அந்த வழி முதலில் மூழ்குமா? முகாம்களில் பிள்ளைகள் கையில் போன் இருக்காது, எனவே 1.14 மணி எச்சரிக்கை யாருடைய தலைமாட்டில் ஒலிக்கும்?

எண்கள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எண் இல்லாவிட்டால் வாஷிங்டனிலிருந்து பணம் எந்தக் கவுண்டிக்குப் போவது என்று யாரும் முடிவு செய்ய முடியாது. குரல் உயர்த்துகிறவருக்கே எல்லாம் போகும். குறியீடு பணம் கொடுப்பவரின் கேள்விக்கு எழுதப்பட்ட பதில். வரைபடம் காப்பீடு விற்பவரின் கேள்விக்கு. திட்டம் ஒப்புதல் தருபவரின் கேள்விக்கு. மூன்றும் அவரவர் வாசகருக்கு விசுவாசமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆற்றங்கரையில் தூங்குகிறவருக்காக மட்டும் ஒரு பிரதியும் எழுதப்படவில்லை. 2025 செப்டம்பரில் டெக்ஸாஸ் நிறைவேற்றிய முகாம் பாதுகாப்புச் சட்டங்கள், வெள்ளப் பகுதிக்குள் பிள்ளைகள் தூங்கும் குடில்கள் கூடாது என்கின்றன. அந்த வாசகரை மனதில் வைத்து எழுதப்பட்ட வாக்கியம் கடைசியாக வந்தது. வர 27 பெயர்கள் தேவைப்பட்டன.

என் வரிக்குத் திரும்புகிறேன். நிரல் எழுதுகிறவர்களுக்குச் சுழியமும் வெற்றிடமும் வேறு வேறு என்று முதல் செமஸ்டரிலேயே தெரியும். சுழியம் என்றால் எண்ணிப் பார்த்தோம், எதுவும் இல்லை. வெற்றிடம் என்றால் நாங்கள் எண்ணவில்லை. நான் எண்ணாததைச் சுழியம் என்று எழுதினேன். திரையில் அது பச்சையாகத் தெரிந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. அந்த ப்ராஜெக்டை விட்டு வந்து ரொம்ப நாளாகிறது. யாரும் மாற்றியிருக்காவிட்டால் அந்த வரி இன்றும் ஏதோ ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும், ஆற்றங்கரைக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பச்சையாக்கியபடி.